வீட்டுக்குள் வந்த பரீட்சை

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



இங்கே கூடியிருக்கும் நம்மில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். நாமாக விட்டோம் என்று சொல்வதைவிட, பள்ளிக்கூடம் நம்மை விட்டுவிட்டது என்று சொல்வதே பொருந்தும். வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் 14 வயதில் ஆலைக்குள் நுழைந்தோம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சிலர் நின்றோம். நடவுக்கும் களைக்கும் ஆள் வேண்டும் என்று சிலரை வயலுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆகவே, “விட்ட படிப்பை மறுபடியும் பிடிக்க முடியுமா?” என்ற கேள்வி நமக்கு வேடிக்கைக் கேள்வி அல்ல, வயிற்றோடும் மானத்தோடும் சம்பந்தப்பட்ட கேள்வி.

சில தோழர்கள் ஒரு செய்தியைக் கொண்டுவந்து விளக்கம் கேட்டார்கள். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்தை முடிக்காத தொழிலாளி, தன் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதி, ஹைஸ்கூல் முடித்தவருக்குச் சமம் என்று சர்டிபிகேட் வாங்கிவிடலாமாம். இது நிஜமா? நிஜமென்றால், உழைப்பாளிக்கு இதனால் உண்மையில் நன்மை உண்டா? இதுதான் அவர்கள் கேட்டது.

நிஜம்தான், தோழர்களே. அந்தப் பரீட்சைக்கு ஜி.இ.டி. என்று பெயர். பொதுக் கல்வி வளர்ச்சிப் பரீட்சை என்று தமிழில் சொல்லலாம். அது எப்படிப் பிறந்தது, யார் கைக்குப் போயிற்று, வீட்டுக்குள் எப்படி வந்தது, வந்த பிறகு யாருக்குக் கதவு திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பரீட்சை பிறந்த கதை

1942ஆம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அமெரிக்காவில் பள்ளிப்படிப்பை முடிக்காமலே பட்டாளத்தில் சேர்ந்த வாலிபர்கள் ஏராளம். இவர்கள் யுத்தம் முடிந்து ஊர் திரும்பினால் என்ன செய்வது? இருபதைத் தாண்டிய ஒருவனை, பீரங்கியின் பக்கத்தில் நின்று வந்தவனை, மறுபடியும் 16 வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் போய் உட்கார் என்று சொல்ல முடியுமா? சொன்னால்தான் உட்காருவானா?

ராணுவத்தின் கல்வி நிலையம் இந்தப் பிரச்னையைத் தீர்த்துத் தரும்படி அமெரிக்கக் கல்விக் கவுன்சிலைக் கேட்டது. ஐயோவா பல்கலைக்கழகத்தில் பரீட்சைகளை வகுப்பதில் பேர் பெற்ற பேராசிரியர் லிண்ட்க்விஸ்ட் என்பவரின் தலைமையில் ஒரு பரீட்சை உருவாயிற்று. அதன் அடிப்படை மிகவும் எளிமையானது. “நீ எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருஷம் உட்கார்ந்தாய்?” என்று அது கேட்கவில்லை. “இன்று உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டது. அறிவை முகாமில் கற்றாயா, பட்டறையில் கற்றாயா, புத்தகத்தில் கற்றாயா என்பது அதற்கு முக்கியமல்ல.

பட்டாளத்துக்காரர்களுக்கென்று வந்த இந்தப் பரீட்சையை 1947இல் நியூயார்க் மாநிலம் சாதாரண ஜனங்களுக்கும் திறந்துவிட்டது. பிறகு மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. இன்றைக்கும் அந்த நாட்டில் 25 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஹைஸ்கூல் சர்டிபிகேட் இல்லை. உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு என்கிறார்கள். அங்கேயும் ஓட்டல் சமையற்கட்டில், பழத்தோட்டத்தில், கோழி அறுக்கும் தொழிற்சாலையில், ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையில் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ரூத் ஆன் மின்னர் என்ற பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்கிறேன். 1935இல் டெலவேர் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பனார் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத விவசாயி. குடும்ப வேலைக்காக 16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். கல்யாணம் ஆயிற்று, மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தனர். 1967இல் புருஷன் திடீரென்று மாரடைப்பில் இறந்துவிட்டார். அப்போது அந்த அம்மாளுக்கு வயது 32. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்து 1968இல் இந்தப் பரீட்சையில் தேறினார். பிறகு கவர்னர் அலுவலகத்தில் வருகிறவர்களை வரவேற்கும் வேலையில் இருந்தார். 1974இல் மாநில சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2001 முதல் 2009 வரை அதே மாநிலத்துக்குக் கவர்னராகவே இருந்தார். அந்த மாநிலத்தின் முதல் பெண் கவர்னர் அவர்தான். 2021இல் காலமானார்.

பரீட்சை எழுதியவர்கள் எல்லாரும் கவர்னர் ஆனார்கள் என்று சொல்ல வரவில்லை. வாரத்துக்கு உழுதவரின் மகளுக்கு அறிவு குறைவாக இருந்ததால் படிப்பு நிற்கவில்லை, வறுமையால் நின்றது. இரண்டாவது சந்தர்ப்பம் கிடைத்ததும் அது மறுபடி நடந்தது. நமக்கு வேண்டிய விஷயம் அவ்வளவுதான்.

கவுன்சில் கையிலிருந்து கம்பெனி கைக்கு

நீண்ட காலம் இந்தப் பரீட்சையை அமெரிக்கக் கல்விக் கவுன்சில் நடத்தி வந்தது. அது லாபத்துக்காக இயங்கும் ஸ்தாபனம் அல்ல. 2011இல் ஒரு மாற்றம் வந்தது. பியர்சன் என்ற பெரிய பாடப்புத்தக, பரீட்சைக் கம்பெனியுடன் கவுன்சில் கூட்டுச் சேர்ந்தது. பரீட்சை நடத்துவது லாபம் பார்க்கும் தொழிலாயிற்று.

2014 ஜனவரியில் புதிய பரீட்சை வந்தது. காகிதமும் பென்சிலும் போயின. எல்லாம் கம்ப்யூட்டரில் என்று ஆயிற்று. பாடம் கடினமாயிற்று. நான்கு பகுதிக்கும் சேர்த்துக் கட்டணம் பல இடங்களில் 120 டாலர் ஆயிற்று. பழைய முறையில் சில பாடங்களில் மட்டும் தேறியிருந்தவர்களின் மதிப்பெண் 2013 கடைசியோடு செல்லாது என்றார்கள். அதனால் 2013இல் மக்கள் முண்டியடித்துக்கொண்டு எழுதினார்கள். 2014இல் தேறியவர்களின் தொகை பாதாளத்துக்கு விழுந்தது. விசைப்பலகையில் கைவைத்துப் பழக்கமில்லாத 50 வயதுத் தொழிலாளிக்குக் கணக்கு தெரிந்திருந்தும் கம்ப்யூட்டர் தெரியாமல் போயிற்று.

இதைப் பார்த்துச் சில மாநிலங்கள் வேறு பரீட்சைகளுக்குத் தாவின. நியூயார்க் 2014இல் ஜி.இ.டி.யை விட்டு வேறொரு கம்பெனியின் பரீட்சையை எடுத்துக்கொண்டது. அந்தப் பரீட்சை 2021 கடைசியில் நிறுத்தப்பட்டுவிட்டது. நியூயார்க் 2022இல் ஜி.இ.டி.க்கே திரும்பியது. இதற்கிடையே 2016 ஜனவரியில் ஜி.இ.டி. நடத்துவோரே தேறும் மதிப்பெண்ணை 150இலிருந்து 145ஆகக் குறைத்தார்கள். 2014லும் 2015லும் 147, 148 வாங்கி “தவறியவர்” என்று எண்ணப்பட்டவர்களின் அறிவு ஒரே இரவில் கூடிவிட்டதா? இல்லை. கோட்டை எங்கே கிழிப்பது என்பது மனிதர்கள் எடுக்கும் தீர்மானம், அவ்வளவுதான். பரீட்சையில் தவறிய எந்தத் தொழிலாளியும், “நான் முட்டாள்” என்று தன்னையே ஏசிக்கொள்ளுமுன் இதை யோசிக்க வேண்டும்.

இன்று அந்தப் பரீட்சை நான்கு பகுதியாக இருக்கிறது. மொழிப் பகுதிக்கு 150 நிமிஷம். அதில் ஒரு கட்டுரையும் உண்டு. கணக்குக்கு 115 நிமிஷம். விஞ்ஞானத்துக்கு 90. சமூகவியலுக்கு 70. ஆக ஏழு மணி நேரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுத வேண்டியதில்லை. ஒரு பாடம் இன்று, இன்னொரு பாடம் இரண்டு மாதம் கழித்து என்று எழுதலாம். ஷிப்ட் வேலைக்காரருக்கு இது ஒரு சௌகரியம். ஒவ்வொரு பகுதியிலும் 200க்குக் குறைந்தது 145 எடுக்க வேண்டும். மதிப்பெண் அளவு 100இல் தொடங்குகிறது. ஸ்பானிஷ் மொழியிலும் எழுதலாம்.

2020இல் வந்த மாற்றம்

2020 மார்ச் மாதத்தில் கொரோனா தொற்று காரணமாகப் பரீட்சை மையங்கள் மூடப்பட்டன. மே மாதக் கடைசியில், வீட்டிலிருந்தே எழுதும் முறையைச் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். தொற்று தணிந்த பிறகும் அந்த முறை நின்றுவிடவில்லை. எல்லா மாநிலங்களிலும் இல்லாவிட்டாலும் பல மாநிலங்களில் நடக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, பரீட்சைக்கு முந்திய 60 நாளுக்குள் ஒவ்வொரு பாடத்திலும் கம்பெனி நடத்தும் மாதிரிப் பரீட்சை ஒன்றை எழுதி, தேறக்கூடியவர் என்ற பச்சை அடையாளத்தை வாங்க வேண்டும். அதற்கும் தனியாகக் காசு உண்டு. மையத்துக்குப் போய் எழுதுகிறவருக்கு இந்த நிபந்தனை பொதுவாகக் கிடையாது. வீட்டில் எழுதுகிறவருக்கு உண்டு.

இரண்டாவதாக, காமிரா பொருத்திய கம்ப்யூட்டர் வேண்டும். கைப்பேசியில் எழுத முடியாது. இணைப்பு அறுந்துபோகாத இன்டர்நெட் வேண்டும். சர்க்கார் கொடுத்த அடையாள அட்டை வேண்டும்.

மூன்றாவதாக, நாலு சுவரும் மூடிய கதவும் உள்ள தனி அறை வேண்டும். பரீட்சைக்கு முன்னால் அறையின் நாலு பக்கத்தையும், அடையாள அட்டையையும், முகத்தையும் படம் பிடித்து அனுப்ப வேண்டும். மேஜைமேல் புத்தகமோ, துண்டுக் காகிதமோ இருக்கக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்கக் காகிதமும் கிடையாது. திரையிலேயே ஒரு பலகை இருக்கிறது, அதில்தான் எழுதிப் பார்க்க வேண்டும். கால்குலேட்டரும் திரையிலேதான்.

நான்காவதாக, எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு மேற்பார்வையாளர் காமிரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். காமிராவின் பார்வையை விட்டு நகரக் கூடாது. கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது. அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. வந்தால் பரீட்சை ரத்தாகிவிடலாம்.

வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பதைக் கவனியுங்கள். வெகு நாள் கழித்துப் புத்தகத்தை எடுத்தவர்கள் உதட்டை அசைத்துத்தான் படிப்பார்கள். நம் படிப்பகத்தில் பத்திரிகையைப் பாருங்கள்; எத்தனை பேர் முணுமுணுத்துக்கொண்டே படிக்கிறோம்! அவர்கள் மௌனமாகப் படிப்பதற்கே தனியாகப் பழக வேண்டும்.

யார் வீட்டுக்கு வந்தது?

இந்த முறையினால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நியாயமாகாது. பரீட்சை மையம் 60 மைல், 80 மைல் தள்ளியிருக்கும் கிராமங்கள் அந்த நாட்டில் நிறைய உண்டு. பஸ்ஸும் கிடையாது. மையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். கைக்குழந்தைக்காரிக்கு, நடமாட முடியாத ஊனமுற்றவருக்கு, இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு, வீட்டிலேயே எழுதலாம் என்பது பெரிய உதவி. குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, 70 நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாடத்தை எழுதி முடிக்கிற தாய்க்கு அது ஒரு கதவு திறந்த மாதிரிதான்.

ஆனால் தோழர்களே, “வீடு” என்று எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்கிறோம். எல்லாருக்கும் ஒரே வீடா இருக்கிறது? ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழும் குடும்பத்துக்கு மூடிய கதவும் தனி அறையும் எங்கிருந்து வரும்? தோட்டத் தொழிலாளர் முகாமில் ஒரு கூடத்தில் பத்துக் கட்டில் போட்டிருப்பார்கள். அங்கே வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்று யாரிடம் சொல்வது? கைப்பேசி ஒன்றையே வைத்துக்கொண்டு எல்லா வேலையும் பார்க்கும் ஏழைக்குக் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான். பள்ளிக்கூடத்தை முடிக்க விடாமல் எந்த வறுமை தடுத்ததோ, அதே வறுமைதான் வீட்டுப் பரீட்சைக்கும் குறுக்கே நிற்கிறது.

பரீட்சை மையத்தில் இதெல்லாம் யார் பொறுப்பு? அறை, மேஜை, கம்ப்யூட்டர், மின்சாரம், இணைப்பு எல்லாம் மையத்தின் பொறுப்பு. கரண்ட் போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பரீட்சை வீட்டுக்கு வந்ததும் இந்தச் செலவும் கவலையும் எழுதுகிறவரின் தலைக்கு மாறிவிட்டன. கம்பெனிக்கு வாடகை மிச்சம். சௌகரியம் என்ற பெயரில் வரும் எந்தப் புதுமையையும் பார்க்கும்போது, “இதில் யாருடைய செலவு யார் தலைக்குப் போகிறது?” என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

கட்டணத்தையும் கணக்குப் போடுவோம். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு பாடத்துக்கு 36 டாலர் என்று வைத்துக்கொண்டால் நான்குக்கும் 144 டாலர். அமெரிக்காவின் மத்திய சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 செண்ட். 2009இல் வைத்தது, அதற்குப் பிறகு உயர்த்தவில்லை. அந்தக் கூலிக்கு உழைக்கிற ஒருவர் ஏறக்குறைய 20 மணி நேரம் வேலை செய்தால்தான் கட்டணம் கட்ட முடியும். மாதிரிப் பரீட்சைக் காசும், தவறினால் மறுபடி எழுதும் காசும் இதில் சேரவில்லை. இதற்கு மாற்றே இல்லையா? உண்டு. நியூயார்க் மாநிலத்தில் மையத்துக்கு வந்து எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, மாநிலமே ஏற்கிறது. அங்கே முடிந்தது மற்ற இடத்தில் ஏன் முடியாது?

சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு?

சரி, எல்லாத் தடையையும் தாண்டி ஒருவர் தேறிவிட்டார். கூலி உயருமா? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஸ்டீபன் கேமரனும் 1993இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவரும் ஜி.இ.டி.யில் தேறியவரும் சமம் என்று சர்டிபிகேட் சொன்னாலும், கூலிச் சந்தை அப்படி நடத்தவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். தேறியவர்களின் வருமானம், பள்ளியை விட்டுவிட்டு எதையும் எழுதாதவர்களின் வருமானத்துக்கே அருகில் இருந்தது. பரீட்சை பாட அறிவை அளக்கிறது. விடாமுயற்சி போன்ற குணங்களை அளப்பதில்லை என்பது ஹெக்மன் பின்னால் கொடுத்த விளக்கம்.

2000ஆம் ஆண்டில் டைலர், மர்னேன், வில்லெட் என்ற மூவர் வேறொரு ஆராய்ச்சி செய்தார்கள். தேறும் கோட்டுக்கு அருகே இருந்த இளம் வயதினரை எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையர் இளைஞர்களுக்குச் சர்டிபிகேட்டினால் வருமானம் 10 முதல் 19 சதவீதம் வரை கூடியிருந்தது. கறுப்பர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் போன்ற சிறுபான்மை இளைஞர்களுக்கு அப்படிச் சொல்லத்தக்க பலன் காணப்படவில்லை. ஒரே காகிதம், ஒரே மதிப்பெண், ஆனால் பலன் ஒன்றல்ல. படிப்பு ஒன்றே எல்லா ஏற்றத்தாழ்வையும் தீர்த்துவிடும் என்று உபதேசம் செய்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அப்படியென்றால் எழுதுவதே வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் அங்கே பல காலேஜ்களிலும் தொழிற்பயிற்சிகளிலும் சேர முடியாது. பல வேலைகளுக்கு மனுப்போடவே முடியாது. ரூத் ஆன் மின்னர் பரீட்சையோடு நின்றிருந்தால் அவர் கதை வேறு. அடுத்த படிப்புக்கோ, தொழிலுக்கோ ஏறிப் போகிறவருக்கு அது படிக்கட்டு. அதோடு நின்றுவிட்டவருக்கு அது சுவரில் மாட்டிய படம்.

காசுக்கு விற்கும் காகிதம்

இங்கே ஒரு எச்சரிக்கை. “வீட்டிலிருந்தே பரீட்சை” என்ற பேச்சு பரவியதும் திருடர்களுக்கும் நல்ல வேட்டை கிடைத்தது. பணம் கட்டினால் ஹைஸ்கூல் சர்டிபிகேட் என்று விளம்பரம் செய்யும் போலிகள் அமெரிக்காவில் பெருகின. 2014இல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஒரு கூட்டத்தின்மீது வழக்குப் போட்டது. ஆன்லைன் ஹைஸ்கூல் என்ற பெயரில் ஆளுக்கு 200 முதல் 300 டாலர் வரை வாங்கிக்கொண்டு காகிதத்தை விற்று, 1 கோடி 10 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. காகிதத்தை வாங்கியவர்கள் காலேஜுக்கும் பட்டாளத்துக்கும் வேலைக்கும் போய்க் காட்டினபோதுதான், அது செல்லாது என்று தெரிந்துகொண்டார்கள். ஏமாந்தவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்.

அசலையும் போலியையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அசல் பரீட்சையில் நாம் உட்கார்ந்து எழுத வேண்டும், யாரோ ஒருவர் கண்காணிக்க வேண்டும், தவறிப்போகவும் வாய்ப்பு இருக்க வேண்டும். தவறவே முடியாத பரீட்சை பரீட்சையல்ல, வியாபாரம்.

இது நம் ஊருக்கும் வேண்டிய எச்சரிக்கைதான். நம் கைப்பேசியிலும் “பத்தாவது பாஸ் கியாரண்டி” என்று விளம்பரம் வருகிறது. நம் நாட்டில் 1989இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், மேல் வயது வரம்பு இல்லை, தமிழிலும் எழுதலாம். தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்குப் பரீட்சை நடத்துகிறது. இரண்டுக்கும் பரீட்சை மையத்துக்கு நேரில் போய்த்தான் பொதுப் பரீட்சை எழுத வேண்டும். ஆகவே, “பணத்தைக் கட்டு, நீ வரவே வேண்டாம், சர்டிபிகேட் வீட்டுக்கு வரும்” என்று எவன் சொன்னாலும் அவன் திருடன் என்று உடனே தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பு எங்கே நடக்கிறது?

கடைசியாக, மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை வீட்டுக்குள் வந்துவிட்டது. படிப்பு வந்துவிட்டதா?

பரீட்சை ஏழு மணி நேரம். அதற்கு முந்திய படிப்போ பல மாதம். பின்னம் மறந்துபோய் 20 வருஷம் ஆனவருக்கு யார் சொல்லித் தருவார்கள்? இரவு 10 மணிக்கு வேலை முடித்து வந்து கண் சொருகும்போது, “இன்னும் ஒரு கணக்குப் போடு” என்று யார் தட்டி எழுப்புவார்கள்? தனியாக அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தே படித்துவிடுகிற சிலர் இருக்கலாம். பெரும்பாலோருக்கு மனிதர்களின் துணை வேண்டும்.

அமெரிக்கத் தொழிலாளர்களும் இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். 1967இல் அங்கே விவசாயக் கூலிகளுக்கென்றே ஒரு திட்டம் வந்தது. ஹைஸ்கூல் சமநிலைத் திட்டம் என்று பெயர். பருவத்துக்குப் பருவம் ஊர் ஊராகப் போய்ப் பழம் பறித்து, காய் அறுத்துப் பிழைக்கும் தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் 16 வயதுக்கு மேல் இதில் சேரலாம். முந்திய 24 மாதத்தில் 75 நாள் வயல் வேலை செய்திருந்தால் போதும். பல்கலைக்கழகங்களும் மற்ற ஸ்தாபனங்களும் மத்திய சர்க்கார் பணத்தில் வகுப்பு நடத்தின. படிப்பு மட்டுமல்ல, படிக்கிற காலத்தில் கைச்செலவுக்கு உதவி, யோசனை, அடுத்த வேலைக்கு வழி எல்லாம் அதில் அடக்கம். வேலை நாளைக் காட்டினால் படிக்க இடம் கிடைக்கும் என்பது எவ்வளவு நியாயமான ஏற்பாடு! இப்படிப்பட்ட திட்டத்துக்கு இனிமேல் பணமே ஒதுக்க வேண்டாம் என்று 2025இல் வெள்ளை மாளிகை தன் வரவு செலவுத் திட்டத்தில் யோசனை வைத்தது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டதே, வாத்தியார் எதற்கு என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று இதிலிருந்து தெரியும்.

இன்னொரு உதாரணம், நியூயார்க் ஆஸ்பத்திரித் தொழிலாளர்களின் 1199 என்ற சங்கம். கூட்டு பேரத்தின் மூலம் 1969இலேயே அவர்கள் ஒரு பயிற்சி நிதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். நிர்வாகங்கள் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். தரை துடைப்பவர், துணி வெளுப்பவர், சமையல்காரர் ஆகியோர் அதில் ஹைஸ்கூல் சமநிலைப் பரீட்சைக்குப் படிக்கலாம். அதற்கு மேல் நர்ஸ் படிப்புக்கும் போகலாம். கூலி உயர்வையும் போனஸையும் பேசுகிற அதே மேஜையில் படிப்பையும் பேசினார்கள். அங்கே சர்டிபிகேட் சுவரில் தொங்கவில்லை. அடுத்த படிக்கு ஏற உதவியது.

தோழர்களே, நான் கண்ட முடிவு இதுதான். பரீட்சையை வீட்டில் வைத்து எழுதலாம். அந்த உரிமை நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் அறையும் கம்ப்யூட்டரும் இல்லாதவருக்கு நூல் நிலையத்திலோ பள்ளிக்கூடத்திலோ இலவசமாக ஒரு மேஜை இருக்க வேண்டும். கட்டணத்தைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். சொல்லித் தர ஒரு வாத்தியாரும், கூட உட்கார நாலு பேரும் வேண்டும். இவை இல்லாமல் வெறும் காமிராவை மட்டும் வீட்டுக்குள் அனுப்பினால், ஏற்கெனவே அறை உள்ளவர் தேறுவார்; இல்லாதவர் மறுபடியும் வெளியே நிற்பார்.

அறுவடைக்கு ஒருவர் தனியாக வயலில் இறங்குவதில்லை. பத்துப் பேர் வரிசையாக நின்றால்தான் பொழுது சாய்வதற்குள் வயல் முடியும். படிப்பும் அப்படித்தான். இந்தப் படிப்பகத்தில் நாலு பெஞ்சு இருக்கிறது, விளக்கு இருக்கிறது. பின்னமும் சதவீதமும் தெரிந்தவர்கள் நம்மிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். பத்தாவது எழுத விரும்புகிறவர்கள் இன்றைக்கே கூட்டம் முடிந்ததும் பெயரையும், எந்த வகுப்போடு நின்றீர்கள் என்பதையும், எந்த ஷிப்ட் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பகல் ஷிப்ட்காரர்களுக்கு இரவிலும், இரவு ஷிப்ட்காரர்களுக்கு மாலையிலும் உட்காருவோம். பெயர் எழுதத் தடுமாறுகிறவர்கள் கூச்சப்பட வேண்டாம். பக்கத்திலிருப்பவர் எழுதித் தருவார்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.